தெருவின் அந்தப் பக்கம்

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. எதிர்வரிசை மாநகராட்சி, எங்கள் வரிசை ஊராட்சி. குப்பை வண்டிகூட வேறு வேறு. எல்லைக்கோட்டைப் போட்ட ஆள் இந்தத் தெருவில் ஒரு நாளாவது நடந்திருப்பாரா என்று பலமுறை திட்டியிருக்கிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாளுக்கும் அதே நோய். அவருக்கு மட்டும் செவ்வாய்தோறும் பிசியோதெரபி செய்ய அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வருவார். எங்கள் வரிசைக்கு இன்னும் ஆள் போடவில்லை என்றார்கள்.

"இட்டாந்து எங்க வாசல்ல குந்த வையி," என்றார் அந்த அம்மாளின் மகன்.

அதிலிருந்து செவ்வாய்தோறும் நாங்கள் இருவரும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்போம். வருகிற பெண் எதுவும் கேட்காமல் அப்பாவின் கையையும் மடக்கி நீட்டிவிடுவார். விரல்கள் லேசாக அசைய ஆரம்பித்தன.

மழைக்காலத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். அடுத்த செவ்வாய் காலையில் அப்பா சட்டை மாட்டிவிடச் சொன்னார்.

"தூக்கு நைனா. அந்தப் பொண்ணு வந்துடும்."

மறுக்க முடியவில்லை. தூக்கிப் போய் எதிர்வாசலில் உட்காரவைத்தோம். வெயில் ஏறியும் யாரும் வரவில்லை. சற்றுத் தள்ளி நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தெருவுல எங்களுக்கு இப்போ பேஷன்ட் யாருமே இல்லியேண்ணா," என்றார், வருத்தமாகத்தான்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா வலக்கையால் இடக்கையைத் தூக்கி, நாற்காலியின் கைப்பிடிமேல் தயாராக வைத்திருந்தார்.