பாலம் வந்தால் நான் இறங்கிவிடுவேன்

"இனிமே அம்மா வண்டி ஓட்டக் கூடாது."

போன மாதம் என் மனைவி தனத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் இதைச் சொன்னபோது மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உப்பைக் குறைக்கணும், மாடிப்படி ஏற வேணாம், வண்டி ஓட்டக் கூடாது — மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

உப்புக்குத் தனம் தலையாட்டினாள். மாடிப்படிக்கும் ஆட்டினாள். மூன்றாவதைக் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

டாக்டர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "ஏன் சார், நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"ஓட்டுவேன் சார்."

"அப்புறம் என்ன? மறுபடி வலி வந்தா லேட்டே பண்ணக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அது வர நேரமாகும்னு தெரிஞ்சா உங்க வண்டியிலயே ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுங்க. போன தடவை கொண்டாந்தீங்களே, அந்த மாதிரி."

அந்த மாதிரி! எந்த மாதிரி என்று அவருக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

என்னால் பாலத்தின் மேல் வண்டி ஓட்ட முடியாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்குப் பழகிவிட்டது.

மற்றபடி நான் நல்ல டிரைவர்தான். கரும்பு டிராக்டரும் பிரைவேட் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற மடுகரை ரோட்டில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுவேன். பாலம் கண்ணில் பட்டால் போச்சு. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பாலம் இடிந்துவிடும் என்று பயமா? எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். இல்லை சார். பாலத்தின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கை மேல்தான் சந்தேகம். ஓரத்துச் சுவரைப் பார்த்தால் என் கை தானாக வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடும் என்று தோன்றும். எனக்குச் சாகிற ஆசையெல்லாம் கிடையாது. நாளைக்கு என்ன குழம்பு என்று யோசிக்கிற ஆள்தான். ஆனாலும் விரல்கள் இழுப்பது எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்குமே? அதுவும் இல்லை. ஆற்றில் விழுந்ததில்லை, யாரும் விழுந்ததைப் பார்த்ததும் இல்லை. சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்தே இருக்கிறது. காரணம் என்று ஒன்று இருந்தால் அதையாவது நாலு வார்த்தை திட்டலாம்...

எங்கள் ஊர் நெட்டப்பாக்கம் பக்கம். இங்கிருந்து பாண்டிச்சேரி டவுனுக்குப் போக வேண்டுமென்றால் சங்கராபரணி ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும். வில்லியனூர் வழியாகப் போனால் ஆரியப்பாளையம் பாலம். கடலூர் ரோட்டைப் பிடித்துச் சுற்றினால் அங்கேயும் பாலம். பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்.

கல்யாணமான புதிதில் தனத்தின் பிறந்த வீட்டுக்கு, பாகூருக்கு, பைக்கில் போவோம். வழியில் ஒரு சின்னப் பாலம். அதற்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். முதல் தடவை அவளும் பேசாமல் கூடவே நடந்தாள். அடுத்த தடவை கேட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்கு எறங்கறீங்க? பஞ்சரா?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு வண்டி கத்துக்குடுங்க" என்றாள். நெல் அடிக்கிற களத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஒரு தடவை வைக்கோல் போரில் போய் மோதினாள். கற்றுக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு இது ஒரு முறை ஆகிவிட்டது. பாலத்துக்கு முன்னால் நான் இறங்குவேன், அவள் ஓட்டுவாள், தாண்டியதும் மாறிக்கொள்வோம். கார் வாங்கிய பிறகும் அதேதான். அவள் ஓட்டும்போது எனக்குப் பயமே இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, மணல் தெரிகிறதா என்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவேன்.

ஆரியப்பாளையம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் தினப்படி காமெடி. "டேய், டிரைவர் டூட்டி மாறுதுடா!" என்பார்கள். தனம் கண்ணாடியை இறக்கி, "உங்க வூட்ல உன்ன நம்பி சைக்கிளாவது குடுக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கியரைப் போடுவாள்.

ஊருக்குள் எனக்கு வேறு பெயர். பெண்டாட்டிக்குக் கார் கற்றுக்கொடுத்த முற்போக்கு மனிதன்! மகளிர் தினத்தில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே... போட்டுக்கொண்டேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

மழை விட்டு வயலில் சேறு காயாத சமயம். காலையில் தோசைக் கல்லைப் போட்டவள் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயுவாக இருக்கும் என்றாள். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்தாள். பனியில் நனைந்த மாதிரி நெற்றியெல்லாம் வேர்த்தது. "எடது கை கடுக்குதுங்க" என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். எப்படிப் பொறுப்பது? காரில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பறந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாலம் தெரிந்தது. என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. டீக்கடைக்கு எதிரே, வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் வண்டி நின்றது.

அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? தனம் கதவைத் திறந்து இறங்கினாள். நான் சொல்லவில்லை. இறங்கி, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் பானெட்டைப் பிடித்துப் பிடித்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள்.

"வேணாம் தனம். நானே ஓட்டறேன். நீ போய் உக்காரு."

"உங்க கையப் பாருங்க" என்றாள். பார்த்தேன். ஸ்டியரிங் மேல் அது தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஓட்னா ரெண்டு பேருமே ஆத்துலதான். நவுருங்க."

நகர்ந்தேன். எழுதுகிற இந்த நிமிஷத்திலும் உடம்பு கூசுகிறது.

டீக்கடையில் அத்தனை பேர் இருந்தார்களே, ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தால் ஓட்டியிருப்பாரே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் தோன்றியது, தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பாலம் வந்தால் தனம் ஓட்டுவாள். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

இரண்டாவது கியரிலேயே ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலம் முடிந்ததும் இண்டிகேட்டர் போட்டாள். ஆமாம், இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அப்புறம்தான் ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்தது.

அவளைப் பக்கத்து சீட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வில்லியனூரையும் மூலக்குளம் நெரிசலையும் எப்படித் தாண்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இதயத்தில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது, அது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் என் தோளைத் தட்டி, "நல்லவேளை, வேகமா ஓட்டிட்டு வந்தீங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து தனத்தின் குரல் வந்தது.

"ஆமா சார். அவருதான் ஓட்டிக்கினு வந்தாரு."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கொஞ்சம் கேலி இருந்திருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லா வீட்டிலும் இது நடக்கிறது. பேங்க்குக்குள் போகப் பயப்படுகிற மனைவிக்காகக் கணவன் போவான். சாவு வீட்டுக்குப் போக முடியாத கணவனுக்காக மனைவி போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவாள். ஒருவர் பயத்தை இன்னொருவர் எடுத்துச் சுமப்பதற்கு நாம் அன்னியோன்யம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். நல்ல விஷயம்தான். சுமக்கிற ஆள் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசி வைப்பதில்லை.

வாசகர்கள் யோசனை சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கவுன்சலிங் போனேன். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள் என்றார்கள். வீட்டில் நன்றாக வருகிறது. பாலத்தில் இழுப்பதற்கு மூச்சே இல்லை. பக்கத்து வீட்டுக் குமரன், "மாமா, ஒரு போன் அடி, ஓடியாறேன்" என்கிறான். தங்கமான பையன், ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை ஓட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். ஆனால் கம்பெனியில் ஷிப்ட் வேலை, பாதி நாள் ஊரிலேயே இருப்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூலக்குளத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விடலாமா என்று கேட்டேன். தனத்துக்கு வந்ததே கோபம்!

"நெலத்த வுட்டு, மாட்ட வுட்டு, ஒரு பாலத்துக்குப் பயந்து குடி போவணுமா? ஊர்ல இன்னா சொல்றது?"

கோபம் தணிந்த பிறகு அவளே சொன்னாள். "ஞாயித்துக்கெழம காலைல போலாம். வண்டி கம்மியா இருக்கும். நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பழகித்தான் ஆவணும்."

போனோம். டீக்கடைக்கு எதிரே நிறுத்தாமல் நேராகப் பாலத்தில் ஏற்றிவிட்டேன். இப்போது இருப்பது அகலமான பாலம். இரண்டு லாரி தாராளமாகப் போகும். கொஞ்ச தூரம் போனேன். "அவ்ளோதான், அவ்ளோதான்" என்று தனம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரத்துச் சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். விரல் இழுத்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் பிரேக்கை முழுசாக மிதித்து நின்றுவிட்டேன்.

பின்னால் பஸ் ஹார்ன். ஒரு டெம்போக்காரன் ஒதுங்கிப் போகும்போது தலையை வெளியே நீட்டி, "யோவ், நடுப்பாலத்துல இன்னாய்யா வேடிக்க?" என்று கத்தினான்.

தனம் கதவைத் திறந்தாள்.

"ஏய், நீ ஓட்டக் கூடாது!" என்று அலறினேன்.

"ஓட்டல. நீங்க அப்படியே உக்காருங்க."

நேராகக் காருக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பி, கையைத் தூக்கி, வா என்று சைகை காட்டினாள். எனக்குப் புரிந்தது. கரும்பு லோடு டிராக்டர் வாய்க்கால் மதகைத் தாண்டும்போது முன்னால் ஒரு ஆள் நடப்பார். சக்கரத்தைப் பார்த்து, "வா... வா... நேரா வா" என்று கை காட்டிக்கொண்டே பின்பக்கமாகவும் முன்பக்கமாகவும் நடப்பார். டிரைவர் மதகைப் பார்க்க மாட்டார், அந்த ஆளை மட்டும்தான் பார்ப்பார். எங்கள் கரும்புக்குத் தனம் எத்தனையோ வருஷம் அப்படி நடந்திருக்கிறாள்.

"ஓரத்தப் பாக்காதீங்க. என் முதுவப் பாருங்க!"

பார்த்தேன். முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டு, அவள் பின்னாலேயே ஊர்ந்தேன். நீலப் புடவை. தோளில் எலும்பு தெரிந்தது, ஆஸ்பத்திரிக்கு முன்னால் அப்படித் தெரியாது. ஒரு இடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். நானும் நின்றேன். எனக்குப் பின்னால் பாலம் முழுக்க வண்டிகள் நின்றன, ஹார்ன் காதைப் பிளந்தது. மறுபடி நடந்தாள். மறுபடி ஊர்ந்தேன்.

தாண்டிவிட்டேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, என் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சங்கராபரணியைத் தாண்டிவிட்டேன். ஓரங்கட்டிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "தாண்டிட்டேன் தனம்... பாத்தியா, தாண்டிட்டேன்!"

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மூச்சு நிதானத்துக்கு வர வெகு நேரம் ஆயிற்று. அது வரைக்கும் என் உளறலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க... எனக்கு மறுபடி வலி வர்ற அன்னிக்கு முன்னால யாரு நடப்பாங்க?"