வில்லனுக்காக வாதாடிய தசரதன்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மொழிபெயர்ப்பாளர் தசரதன் அவர்கள் மலைக்கிராமமான நெல்லிவாசல்நாட்டில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார். வயது நாற்பத்தேழு. போளூரில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, மலையிலிருந்து வந்த ஜீப்காரர் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். என் வாயில் முதலில் வந்தது, "வேலைய முடிச்சிட்டாரா?" என்ற கேள்விதான். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவரோடு வேலை பார்த்த யாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மலையில் சாமையும் புளியும் வாங்கிக் கீழே விற்பவன். பத்து வருடத்துக்கு முன், ஆனி மாதத்தில், சரக்கு கிடைக்காமல் அலைந்தபோதுதான் அவர் வீட்டுக்குப் போனேன். பரணில் சாணம் மெழுகி வாய் மூடிய மூங்கில் கூடைகள் நான்கு இருந்தன. உள்ளே சாமை. வீட்டில் அன்று கூழுக்கே தட்டுப்பாடு என்பது அடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு மடங்கு விலை சொன்னேன்.

தசரதன் சிரித்தார். "இன்னாண்ணே, அது வெதை. பட்டினி கெடந்தாலும் அதுல யாரும் கை வெக்க மாட்டாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

விலையை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னும் கூட்டிக் கேட்டேன். அந்த முறை டீயும் கிடைக்கவில்லை.

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. அவர் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர். மருந்துச் சீட்டு, செல்போன் கையேடு என்று வந்ததையெல்லாம் தமிழாக்குவார். மலையில் சிக்னல் கிடைக்காது. ஆகவே என் கடை மாடியில் உட்கார்ந்து வேலை செய்தார். தமக்கென்று கூலி பேசத் தெரியாது. பேச்சு என் பொறுப்பு, எழுத்து அவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். சண்டை மட்டும் இருவருக்கும் பொது.

இந்த வருடம் பெங்களூரு கம்பெனி ஒன்று பெரிய வேலை கொடுத்தது. ஜப்பானில் செய்த வீடியோ கேம். அதன் ஆங்கில வடிவத்தைப் பார்த்துத் தமிழில் எழுத வேண்டும், மூன்று மாதக் கெடு. கதை சுலபம்: பஞ்ச காலத்தில் ஒருவன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொள்கிறான், ஊர் சாகிறது, விளையாடுபவர் அவனைக் கொன்று கதவைத் திறக்க வேண்டும். "சாகட்டும். உள்ளே இருப்பது எனக்கு" என்பான் அவன். எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே?

இவர் போகவில்லை. அந்த வில்லனின் பத்து வரியில் மூன்று வாரம் உட்கார்ந்தார். மாடி ஏறிக் கத்தினேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"திங்கறதுக்குப் பூட்டி வெச்சவன் ஏண்ணே எலும்பும் தோலுமா இருக்கான்?"

நானும் பார்த்தேன். வில்லன் வற்றிப்போய்த்தான் இருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த கூடைகளின் வாயெல்லாம் மண் பூசி மூடியிருந்தது. படம் வரைந்தவனைப் போய்க் கேளுங்கள் என்றேன். அந்தக் கிண்டலையும் வேலையாக எடுத்துக்கொண்டார். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஓர் அம்மையாரைப் பிடித்து, மூலத்தை வரி வரியாகச் சொல்லச் சொன்னார். கூலியும் தம் கையிலிருந்தே கொடுத்தார். மூலத்தில் அவன் சொல்வது வேறு: "இருப்பவர்கள் இதைத் தின்றுவிட்டால், பிறக்கப்போகிறவர்களுக்கு வெறும் நிலம்தான் மிஞ்சும்." ஆங்கிலத்தில் எழுதியவர்கள் விதை என்ற பேச்சையே விட்டுவிட்டு, அவனைப் பேராசைக்காரன் ஆக்கியிருந்தார்கள்.

தசரதன் மூலத்தின்படி எழுதி, அந்தப் பத்து வரியை மட்டும் கம்பெனிக்குக் காட்டினார். அங்கே இந்த வேலையைக் கவனித்துக்கொண்ட பெண்மணி, ஆங்கிலத்தை ஒட்டியே தமிழ் இருக்க வேண்டும் என்றார். இவர் மாட்டேன் என்றார். கெடு தாண்டியது. வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள். கெட்டவன் எதற்காகக் கெட்டவனாக இருந்தால் உனக்கென்ன என்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"பத்து வருசம் முன்னாடி நீங்களும் எங்கள அப்பிடித்தானே நெனச்சீங்க. அந்த ஆளுக்குச் சொல்ல ஒரு வாய் வேணும்ணே. அவன் செஞ்சது சரின்னு நான் சொல்லல. இன்னாத்துக்குச் செஞ்சான்னு சொல்லிட்டுச் சாவட்டும்."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் கடைசி வரியை முடித்து, என்னிடம் சொல்லாமலே என் கணினியில் வைத்துவிட்டு மலைக்குப் போனார். அதன் பிறகு வந்தது ஜீப்காரர் சொன்ன சேதிதான்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் பெண்மணி போன் செய்தார். முறையாகத்தான் துக்கம் விசாரித்தார். பிறகு, மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பிவிடுங்கள், அந்தப் பத்து வரியை நாங்களே மாற்றிக்கொள்கிறோம், முழுத்தொகையும் தந்துவிடுகிறோம் என்றார். எனக்கு இதைவிட நல்ல பேரம் வராது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது "முடியாது"தான். செத்துப்போன பிறகும் மனுஷன் என் வியாபாரத்தைக் கெடுத்தார்.

ஜப்பான்காரரைக் கேளுங்கள், அவர்கள் மாற்றச் சொன்னால் அனுப்புகிறேன் என்று கோப்பைப் பிடித்து வைத்தேன். ஒன்பது நாள் இழுத்தது. கடைசியில் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். தமிழில் உள்ளதுதான் தாங்கள் எழுதியது என்று ஜப்பானிலிருந்து பதில் வந்தது. ஆனால் தாமதத்துக்கு யாராவது நஷ்டம் ஏற்க வேண்டும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள்.

தசரதன் அவர்களே, நீங்கள் மாடியில் இருந்திருந்தால் இந்தப் பேச்சை என்னிடமே விட்டிருப்பீர்கள். இப்போதும் அப்படியே விட்டுப் போய்விட்டீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள். ஒப்புக்கொண்டது இது: வில்லனின் பத்து வரியில் ஓர் எழுத்தும் மாறாது. ஆட்டத்தின் முடிவில் உங்கள் பெயர் தமிழில், தனி வரியில் வரும். மொத்தத்தில் கால் பங்கு பிடித்தம். அது முழுக்க என் கணக்கில். உங்கள் பங்கு குறையாமல் உங்கள் மனைவி மல்லிகா அம்மாள் கைக்குப் போகும்.