வரி வாங்காத போப்பாண்டவர்

எங்கள் கம்பெனியில் நாடுகளைப் பங்கு பிரித்தபோது எனக்குப் போப்பாண்டவரின் நாடு வந்தது. இடைக்கால ஐரோப்பாவை வைத்து ஒரு கணினி விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆடுகிறவர் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துச் சில நூறு ஆண்டுகள் ஆள வேண்டும். வரி, படை, கல்யாணம், துரோகம் எல்லாம் உண்டு. சென்னையில் இருந்த எங்கள் டீம் லீடர் பிரான்சைத் தனக்கு எடுத்துக்கொண்டார். இங்கிலாந்துக்குச் சண்டையே நடந்தது. ரோமைச் சுற்றியிருந்த திருச்சபையின் நாட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் திருவண்ணாமலைதானே, கோயில் விஷயமெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். நான் சர்ச்சுக்குள் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் மழைக்கு ஒதுங்க. அதைச் சொன்னேன். கோயில் கோயில்தானே என்றார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. அம்மா தவறிய பிறகு அப்பாவும் நானும் மட்டும்தான். அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாடி அறையில் உட்கார்ந்து ரோமாபுரியை ஆள்வேன். அவர் கீழே உட்கார்ந்து டிவியில் செய்தி பார்ப்பார். இரண்டிலும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

போப் நாட்டை ஆள்வது லேசான காரியமில்லை. மற்ற நாடுகளில் ராஜா செத்தால் மகன் வருவான். என் நாட்டில் ராஜாவே தள்ளாத வயதில்தான் பதவிக்கு வருவார். பிள்ளை கிடையாது, இருந்தாலும் வெளியில் சொல்ல முடியாது. கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்வார். அடுத்து வருபவர் வேறு குடும்பம், வேறு ஊர், முந்தையவர் செய்த எதுவும் பிடிக்காதவர். சோதனைக்காக ஆடிப்பார்த்தவர்கள் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். கர்தினால்மார்களை ஒரு மாளிகையில் பூட்டி, புதுப் போப்பைத் தேர்ந்தெடுக்கும்வரை சாப்பாட்டைக் குறைத்து, கூரையையும் பிரித்துவிடும் பகுதி மட்டும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அது என் கற்பனை இல்லை, நிஜமாகவே நடந்திருக்கிறது.

படை சொற்பம். போப்பின் பெரிய ஆயுதம் சபை விலக்கு, அதாவது சொல் கேட்காத ராஜாவைத் திருச்சபையிலிருந்து தள்ளிவைப்பது. இந்தப் பகுதியை மட்டும் நான் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். தள்ளிவைத்த ராஜாவோடு யாரும் பேசக்கூடாது. பேசினால் பேசியவரையும் தள்ளிவைப்பார்கள். அவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், சாவுக்கு ஆள் வராது. இதற்கெல்லாம் முன்பாக, விலக்கு விழுந்த அன்றைக்கே, திருச்சபை அவனிடம் வரி வாங்குவதை நிறுத்திவிடும்.

சோதனை செய்த பையன் இதைப் பிழை என்று எழுதி அனுப்பினான். தண்டிக்கப்பட்ட ராஜாவின் கஜானா மாதாமாதம் வீங்குகிறது, சரிசெய்யவும் என்று. பிழை இல்லை, அப்படித்தான் என்று பதில் எழுதினேன்.

அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டிலிருந்து. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, ஏரியை வளைத்துச் சிலர் பயிர் வைக்கிறார்கள் என்று அப்பா இங்கே வந்து திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தார். ஊர் விஷயம் ஊரைத் தாண்டக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. வளைத்தவர்களில் நாட்டாண்மையும் ஒருவர் என்பது வேறு விஷயம். அந்த ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வீடுவீடாக வரி வசூலித்தவர்கள் எங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அப்பா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வரி வாங்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே அம்மா அழத் தொடங்கிவிட்டாள்.

அதன் பிறகு எங்களோடு யாரும் பேசவில்லை. அப்பாவின் அண்ணனும் பேசவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது என்று அப்பா சொல்வார். நான் தாராளமாகச் சொல்வேன். நாங்கள் வேங்கிக்காலுக்கு வந்து வீடு கட்டினோம். மனுவுக்குப் பதில் வந்தால் தெரிந்துகொள்ள வசதியாக இருக்கும் என்று ஆபீசுக்குப் பின்னாலேயே அப்பா மனை வாங்கினார். பதில் இன்னும் வரவில்லை. அம்மா இறந்தபோது பெரியப்பா எங்கள் தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்து, பிணம் எடுக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். அப்பாவுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான், சாவதற்குள் அண்ணனோடு பேச வேண்டும். ஊர் விலக்கை எடுக்காமல் அது நடக்காது. இப்படித் தள்ளிவைப்பது சட்டப்படி குற்றம் என்று நான் சொன்னால், "யாரு மேல கேஸ் போடறது, எங்கண்ணன் மேலயா?" என்பார்.

டீம் லீடர் என்னைக் கூப்பிட்டது ஒரு பௌர்ணமி அன்று. கிரிவலக் கூட்டத்தின் போன்கள் எல்லாம் சேர்ந்து எங்கள் டவரை நெரித்ததில் அவர் முகம் வாய் திறந்தபடி திரையில் நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. தண்டனை என்றால் காசு போக வேண்டும், உங்கள் தண்டனையில் காசு வருகிறதே என்றது குரல். வரி கேட்காமல் போவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று நான் விளக்கினேன். சரித்திரத்தில் எந்தத் திருச்சபையும் வந்த காசை வேண்டாம் என்றதில்லை என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஐரோப்பா முழுவதற்கும் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தை எழுதி வைத்திருந்தேன்.

வரியைச் சரிசெய்துவிட்டேன். அடுத்ததாக, விலக்கை எப்படி எடுப்பது என்று எழுத வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒழுங்காகப் படித்தேன். ஒரு பேரரசன் போப்பிடம் மன்னிப்புக் கேட்க மலைமேல் இருந்த கோட்டை வாசலில் பனியில் வெறுங்காலோடு நின்ற கதை கிடைத்தது. காபி கொண்டுவந்த அப்பாவிடம் அதைச் சொன்னேன். டிரேயைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளு நின்னான்?"

"மூணு நாள்."

"செருப்பு இல்லாம?"

"இல்லாம."

"எடுத்துட்டாங்களா?"

எடுத்துவிட்டார்கள், ஆனால் சில வருடம் கழித்து அதே ராஜா படையோடு வந்து அதே போப்பை ரோமைவிட்டுத் துரத்தினான் என்றேன். அது வேற விஷயம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எங்கள் ஊர் முறை அவருக்கு மனப்பாடம். தள்ளிவைக்கப்பட்டவன் குளித்து, ஈரத்துணியோடு மாரியம்மன் கோயில் முன்னால் நிற்க வேண்டும். ஊரைப் பார்த்து விழுந்து கும்பிட வேண்டும். நாட்டாண்மை விபூதி கொடுத்தால் விலக்கு போயிற்று. நான் செய்தது தப்பில்லையே, எதற்கு விழ வேண்டும் என்றுதான் இத்தனை காலம் அப்பா போகவில்லை. பனியில் நின்றவன் அவர் மனதில் என்ன செய்தான் என்று தெரியாது. ஆடி வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பையில் வேட்டி துண்டோடு வந்து, "வண்டி எடும்மா" என்றார்.

என் ஸ்கூட்டரில் போனோம். ஊர் எல்லையில் ஒரு பம்புசெட்டில் அவர் குளித்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கோயில் வரைக்கும் நடந்தார். வண்டியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. நான் முதல் கியர் வேகத்தில் அவர் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். வழியில் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

கோயில் முன்னால் பந்தல் போட்டுக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் நின்றார். நாட்டாண்மை இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மகன் வந்தார். டவுனில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறாராம். அப்பாவைப் பார்த்து, "யாருங்க, எந்த ஊரு?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார். ஏரி, மனு, விலக்கு எல்லாவற்றையும் வரிசையாக, கோர்ட்டில் சொல்வதுபோலச் சொன்னார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தலில் இருந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏரி விஷயமாக என்னமோ நடந்தது, சரியாக ஞாபகமில்லை என்றார் பெரியவர். ஏரி எங்கே என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் என்று வீடுகளைக் காட்டினார்கள்.

"எங்கப்பா போட்டது எனக்குத் தெரியாதுங்க," என்றார் மகன். "இப்ப அதெல்லாம் யாரும் போடறதுமில்ல, எடுக்கறதுமில்ல. நீங்க ஈரத்தோட நிக்காதீங்க, சளி புடிச்சிக்கும்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். விழுந்து கும்பிட வந்த மனிதரை உட்கார வைத்து, ஒரு சொம்பு கூழும் கொடுத்தார்கள். வரி பற்றி அப்பா கேட்டார். வீடுவீடாகப் போவதெல்லாம் நின்றுவிட்டது, வெளியூரில் இருப்பவர்கள்தான் ஜாஸ்தி என்று சொல்லி, தூணில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார் மகன். போனைக் காட்டினால் யார் வேண்டுமானாலும் பணம் அனுப்பலாம். அப்பா அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

என் விளையாட்டில் ஒரு போப் போட்ட விலக்கை அவர் செத்தாலும் அடுத்த போப் எடுக்கலாம். ஆள் போனாலும் நாற்காலி இருக்கும். இங்கே நாற்காலியில் ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்தது அப்பாதான்.

பெரியப்பா வீட்டுக்குப் போகலாம் என்றார். அது அடுத்த தெரு. வேட்டி உலரட்டும் என்று அதற்கும் நடந்தே வந்தார். பெரியப்பா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் எங்களோடு பேசவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்டார்.

"எடுத்துட்டாங்களாமா?"

அப்பாவும் தென்னை மரத்திடமே பதில் சொன்னார். எடுப்பதற்கு அங்கே யாருமில்லை, போட்டது யாருக்கும் ஞாபகமில்லை, மகனுக்குத் தெரியவே தெரியாது என்றார்.

"நாட்டாண்மை செத்தது எனக்குத் தெரியும்," என்றார் பெரியப்பா. "சாவுக்குப் போயிருந்தேன். அவரு எடுக்காமலே போயிட்டாரு. எடுக்காதப்ப நான் எப்பிடி வர்றது?"

அவருடைய பெண்கள் கல்யாணமாகிப் போய்ப் பேரப்பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள். ஊரில் ஒருவருக்கும் நினைவில்லாத ஒரு தீர்ப்பை, இந்த ஒரு மனிதர் டீக்கடை ஓரத்தில் நின்றுகூட மீறாமல் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு வந்தது கோபம்தான். அன்றைக்கு அம்மா கிடந்த கிடை ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மரத்தை விட்டுவிட்டு நேராக அண்ணனைப் பார்த்தார்.

"அப்ப, இத்தினி வருஷமா என்னைத் தள்ளி வெச்சிருந்தது யாருண்ணா?"

பெரியப்பா தெருவைப் பார்த்தார், கோயில் இருக்கும் திசையைப் பார்த்தார், கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"நான்தான்டா," என்றார்.

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு கிட்டே வந்து, எப்போதோ காய்ந்துவிட்டிருந்த அப்பாவின் தலையை விடாமல் துவட்டிக்கொண்டே இருந்தார்.