காலியாக வந்த சவ வண்டி

குரங்கணியிலிருந்து வந்த ஜீப்பு என் ஏலக்காய்க் கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்காமலே, "அண்ணே, வெரசா வாங்க. நம்ம உபதேசியாரு போயிட்டாரு. பின்னாலதான் படுக்க வச்சிருக்கோம்" என்றான். மலையில் ஜெபம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். எட்டிப் பார்த்தேன். ஞானமணி உபதேசியார் கிடந்தார், கால்களில் மலைச் சேறோடு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். நம் சபையாரில் யாருக்காவது சுட்டால் சுடட்டும்.

போடியில் நம் வேதக்கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கும் சவ வண்டியை எல்லாருக்கும் தெரியும். கறுப்பு வர்ணம், மேலே வெள்ளைச் சிலுவை. சபையார் வீட்டில் சாவு என்றால் பெட்டியை அதில் ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவோம். தேசத்துக்குச் சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்கார மிஷனெரி அந்த வண்டியை நம் கையில் விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவர் இருந்தவரை கொட்டகைக்குப் பூட்டு இல்லை. பூட்டு நாம் வாங்கியது.

ஓர் ஐப்பசி மழையில், மலையில் ஏலக்காயெடுக்கும் சாராள் காய்ச்சலில் செத்துப்போனாள். நம் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். புருஷன் பாக்கியம் உடலைக் கீழே கொண்டுவந்து வண்டி கேட்டான். கொட்டகைச் சாவி சபைக் கமிட்டிப் பெரியவரிடம் இருந்தது. சாராள் வேலை பார்த்த எஸ்டேட்டும் அவருடையதுதான். உபதேசியாரோடு நானும் போய் நின்றேன்.

"அது சபையாருக்குள்ள வண்டி உபதேசியாரே. இவங்க பண்டிகைக்கு மட்டுந்தானே கோயிலுக்கு வர்றாங்க?"

"ஞாயித்துக்கிழமையும் காயெடுக்கச் சொல்றது யாருங்கய்யா? நீங்கதானே!"

பெரியவர் சாப்பிட உள்ளே போய்விட்டார். மழையில் நாங்களே சாராளைத் தூக்கிப்போனோம். மண் தள்ளி முடித்ததும் உபதேசியார் தம் மனைவி எஸ்தரம்மாளைப் பார்த்து, "மலைச் சனத்துக்குக் கிடைக்காத வண்டி எனக்கும் வேண்டாம். நான் செத்தா என்னையத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அவர் ஒன்றும் சாது இல்லை. பிரசங்கத்தை இழுத்தார் என்றால் வீட்டில் அடுப்பிலிருக்கும் குழம்பு வற்றிவிடும். பாட்டோ, கேட்கவே வேண்டாம். ஆனால் வண்டி விஷயத்தை மட்டும் விடவே இல்லை. ஒவ்வொரு கமிட்டியிலும் எழுந்து சாவி கேட்டார். "சபைன்னா செவரும் பெஞ்சும்னு நெனச்சுட்டீங்க. சனம் இல்லாட்டி இதுவும் ஒரு கொட்டகைதான்யா" என்பார். "ஜெபிப்போம்" என்று கமிட்டி பதில் சொல்லும். கொடுக்க மனமில்லாத போதெல்லாம் நம் கமிட்டிக்கு ஜெபம் ஞாபகம் வந்துவிடும்.

உபதேசியார் அடக்கத்தன்று அதே வண்டி பளபளவென்று துடைத்து, மல்லிகைச் சரம் சுற்றி அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. கமிட்டிப் பெரியவரே கைப்பிடியைப் பிடித்திருந்தார். தெருவுக்கு எதிர்ப்புறம் மலைச் சனம், கூலியை விட்டுவிட்டு வந்து நின்றது. துக்கத்தில் இருக்கும் ஒரு பெண், அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் என்ன செய்துவிட முடியும்?

எஸ்தரம்மாள் வாசலுக்கு வந்தார். "கோவிச்சுக்கிறாதீங்கய்யா. இவுக இதுல வரமாட்டாக."

"ஊரு என்னம்மா பேசும்?"

"சாராள் போனப்ப ஊரு ஒண்ணும் பேசலையே."

பாக்கியம்தான் முதலில் தோள் கொடுத்தான். மறுபுறம் நான். தெருவைத் தாண்டி மலைச் சனம் மொத்தமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. வண்டியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அது காலியாகவே பின்னால் வந்தது. பூவும் சிலுவையுமாக அதைத் தள்ளிக்கொண்டு வந்த கமிட்டியை, சாகும்வரை நான் மறக்கப் போவதில்லை.

ஞானமணியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய கோபம் ஒன்றுதான். அவர் அதைச் சாவி கேட்பதிலேயே செலவழித்தார். அடக்கம் முடிந்த மறுநாளே கொட்டகையில் பழையபடி பூட்டுத் தொங்கியது. மலையில் இருக்கிறவர்களே, அடுத்த சாவுக்கு என் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் சாவி கேட்கப் போவதில்லை. கடையில் கடப்பாரை இருக்கிறது.