குருவிநத்தத்து நீலப் பட்டாம்பூச்சி

என் அம்மாவின் கடைசித் தம்பி ஒரு வருஷம் முழுக்கப் பட்டாம்பூச்சிப் பைத்தியமாக இருந்தார். பாகூரில் அந்தப் பைத்தியம் பிடித்த ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போகப் போகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. யாருக்கு வேலை நிலைக்கும், யாருக்குப் போகும் என்று பெரியவர்கள் கூடிக் கூடிக் கவலைப்பட்டார்கள். மாமா மட்டும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, எருக்கஞ்செடிகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கறுப்புப் பெட்டிக் கேமரா. பட்டணத்தில் மாமா வேலை பார்த்த கடையின் வெள்ளைக்கார முதலாளி, கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. சின்னத் தூக்குவாளி அளவுக்கு இருக்கும். அதைத் தொட எங்கள் யாருக்கும் அனுமதி இல்லை.

குருவிநத்தத்து ஆற்றோரத் தோப்பில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி உண்டு என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். விரித்த உள்ளங்கை அகலம். கறுப்பு இறக்கை, அதில் கீழ்ப்பாதி நீலம். மழை விழுந்த பிறகு, காட்டுக்குள்ளே மட்டும் வரும். அதைப் படம் பிடித்து அனுப்பினால் பாரீஸ் பத்திரிகையில் போடுவார்களாம்.

"பாரீஸ்ல அவனவன் வேல வெட்டிய வுட்டுட்டு ஒன் பூச்சிக்காக காத்துக்கினு இருக்கறான், போடா" என்பார் அம்மா.

பூச்சி தேடப் போகும்போதெல்லாம் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போவது மாமாவின் வழக்கம். குழந்தைக் கண்ணுக்குத்தான் பூச்சி சீக்கிரம் தென்படும் என்று அதற்குக் காரணம் சொல்வார். பெரியம்மா பிள்ளைகள் இருவரும் போய் வந்து, ஒரு மண்ணும் இல்லை என்று அலுத்துக்கொண்டார்கள். புரட்டாசியில் என் முறை வந்தது. எனக்கு எட்டு வயது.

நான் ஒரு நிபந்தனையோடுதான் சைக்கிள் பாரில் ஏறினேன். நீலப் பூச்சி கிடைத்தால் எனக்கு ஒரு படம் தரவேண்டும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா சைகோனில் பட்டாளத்தில் இருந்தார். அவர் அனுப்பிய கப்பல் படத்தை அவள் தினமும் கொண்டுவந்து, தொடக்கூட விடாமல் காட்டிவிட்டு மூடி வைப்பாள். அவளுக்கு முன்னால் நீட்ட எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும். அதை நினைத்து நினைத்து நான் ராத்திரியெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. "ஒன்னு இன்னாடி, ரெண்டு தரேன்" என்றார் மாமா.

தோப்பு ஐயனாருடையது. அங்கே சுள்ளிகூட யாரும் ஒடிக்கமாட்டார்கள். அதனால் காலை வேளையிலும் உள்ளே இருட்டாக இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தோம். முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்றிருந்தது. ஈரமண்ணில் மஞ்சள் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. மாமா அவற்றைப் பார்த்து டக் என்று ஒரு தட்டுத் தட்டினார். வெள்ளைப் பூச்சியைப் பார்த்து ஒரு டக். வெறும் இலையைப் பார்த்துக்கூட ஒரு டக்.

"பிலிமு தீந்துடாதா மாமா?"

"இது பெரிய பிலிமு. நீ தேடு."

அவர் ஒரு வேரில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். தேடுவதை என்னிடம் ஒப்படைத்துவிட்டார் என்று நான் பெருமைப்பட்டேன். புதர் புதராகப் பார்த்தேன். முள் கிழித்தது, கொசு கடித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் வரவில்லை. கடைசியில், கொடிகள் மூடிக் கிடந்த இடத்தில், தானாக முளைத்திருந்த ஓர் இட்லிப்பூச் செடியின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

கறுப்பு இறக்கை. கீழ்ப்பாதி நீலம். மாமா சொன்ன அதே அகலம்.

கத்தினால் பறந்துவிடும் என்று பயந்து, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். பூச்சியைப் பார்த்ததும் பீடி கையிலிருந்து விழுந்தது.

"அடியே... நெசமாவே இருக்குதுடி" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தானே?

அந்தப் பூச்சி அவசரப்படவில்லை. இறக்கையை மூடித் திறந்து மூடித் திறந்து, ஒவ்வொரு பூவாகக் குடித்தது. மாமா முட்டி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். கேமராவைத் தூக்கவே இல்லை. "எடு மாமா, எடு மாமா" என்று அவர் முதுகில் குத்தினேன். கேமராவை எடுத்தார், கண்ணுக்கு நேரே வைத்தார், இறக்கினார், திரும்ப வைத்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு டக். பூச்சி இன்னும் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, மரங்களுக்கு மேலே ஏறிப் போய்விட்டது. மாமா அது போன திசையை அண்ணாந்து பார்த்தபடி ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்கச் சேறு.

படத்தைக் கழுவ கடலூர் ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும் என்பது காலையிலேயே முடிவானது. சோரியாங்குப்பத்தைத் தாண்டி ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். இக்கரை பிரெஞ்சுச் சீமை, அக்கரை இந்தியா. அக்கரையில் மூங்கில் குறுக்கே போட்ட சுங்கச் சாவடி. போய்வர மாமாவிடம் சீட்டு இருந்தது. வழக்கமாக இருப்பவர்கள் அவரைப் பூச்சிக்காரர் என்று கேலி செய்து விட்டுவிடுவார்களாம். அன்றைக்கு இருந்தவர் புதியவர், தெற்கத்திக்காரர்.

"என்னய்யா இது பொட்டி? திற, பார்ப்போம்."

மாமா கொஞ்சமும் பதறவில்லை. "தாராளமா தொறங்க சார். தொறந்தா வெளிச்சம் பட்டு உள்ள இருக்கற படமெல்லாம் பாழாப்பூடும். பரவால்ல. பாப்பாதான் காலைலேந்து முள்ளுல அலைஞ்சி அந்தப் பூச்சியக் கண்டுபுடிச்சிது. அதுங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொறங்க."

சாவடிக்காரர் கை கேமராவின் கொக்கிக்குப் போவதைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அவர் காலைக் கட்டிக்கொண்டு நான் போட்ட கூச்சல் இருக்கிறதே, ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் நீலப் பூச்சி, என் நீலப் பூச்சி என்று புரண்டு அழுதேன். முள் கிழித்த முழங்கையைக் காட்டி அழுதேன். அந்த மனுஷர் மிரண்டுபோனார்.

"சரி, சரி, அழாதே. நீலமாவா இருந்துச்சு?"

எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டினேன்.

"படம் வந்தா எனக்கும் கொண்டாந்து காட்டணும், என்ன?" என்று சொல்லிவிட்டு மூங்கிலைத் தூக்கினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரி என்றேன்.

கடலூரில் என்னை ஒரு காபிக் கடையில் பூரிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு மாமா ஸ்டுடியோவுக்குப் போனார். பூரி தீருவதற்குள் வந்துவிட்டார். திரும்பும்போது, யாரையும் தொடவிடாத அந்தக் கேமராவை அவரே என் கழுத்தில் மாட்டிவிட்டார். அது வெற்றுத் தீப்பெட்டி மாதிரி லேசாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"படத்தயெல்லாம் எடுத்துட்டாங்க இல்ல, அதான்."

எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. அவ்வளவு பெரிய பூச்சிக்குக் கனம் இருக்காதா?

படம் அடுத்த வாரம் வரவில்லை. ஸ்டுடியோக்காரருக்குக் காய்ச்சல் என்றார் மாமா. பிறகு மருந்துத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார். தீபாவளி முடிந்த சூட்டோடு ஊரில் கொடி மாறியது. சாவடியில் ஆள் இல்லை, மூங்கில் மட்டும் மணலில் கிடக்கிறது என்றார்கள். படத்தைக் காட்டாத கோபத்தில்தான் அந்தத் தெற்கத்திக்காரர் போய்விட்டார் என்று நினைத்து நான் பயந்துகொண்டிருந்தேன். சாவடி போனதோடு மாமாவின் பிழைப்பும் போனது. மூலக்குளத்தில் சைக்கிள் கடை வைத்தார்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, ஏதோ பேச்சுவாக்கில் அம்மா உண்மையைச் சொன்னார். அந்தக் கேமராவுக்குள் பிலிம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் துணியில் சுற்றிய கைக்கடிகாரங்கள். பூச்சி பூச்சி என்று அலைந்ததெல்லாம் அக்கரைக்குக் கடத்தத்தான். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகை நிஜமான அழுகை.

அதே வருஷம் பெரியம்மா பெண்ணுக்குக் கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலையும் கையுமாகப் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மாமாவைச் சீண்டினார். விஷயம் என்னவென்றால், கடத்தலை விட்ட பிறகும் மாமா புரட்டாசி தவறாமல் அந்தத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது நிஜமான பிலிமோடு. நீலப் பூச்சி ஒரு தடவைகூடத் தென்படவில்லை.

"இப்ப எந்தச் சாவடிய ஏமாத்தப் போற மாப்ள? இல்லாத பூச்சிக்கி எத்தினி பிலிமு வாங்குவ?" என்றார் சித்தப்பா. பந்தல் சிரித்தது.

மாமாவும் சிரித்தார். "வாட்ச்சு நெசந்தான், ஒத்துக்கறேன். பூச்சின்னு சொன்னதும் நானா கட்டுனதுதான். ஆனா அது வந்துச்சி மச்சான். என் கண்ணு முன்னாடி வந்து ஒக்காந்துச்சி." யாரும் நம்பவில்லை. அவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "இதோ இவதான் கண்டுபுடிச்சா. நீ சொல்லுடி, பாத்தமா இல்லியா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோப்பில் பூச்சியைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

"நான் ஒன்னும் பாக்கல" என்றேன்.

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. மாமாவும் தொடையைத் தட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் சிரித்தார். அந்தப் புரட்டாசியில் அவர் தோப்புக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அந்தப் பூச்சியைப் பார்த்தவள் உலகத்தில் அவரைத் தவிர நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. படம் தராமல் ஏமாற்றியதற்குச் சரிக்குச் சரி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாயசத்தைக் குடிக்கச் சமையற்கட்டுக்குப் போனேன்.