சான் மத்தேயோ பாலத்தில் ஒரு ‘மக்ளே’

நாங்கள் குடியிருக்கும் லிவர்மோரிலிருந்து ஹாஃப் மூன் பே கடற்கரைக்கு மொத்தமே நாற்பத்தெட்டு மைல். இதற்கெல்லாம் ஒரு பயணப் பதிவா என்று கேட்பீர்கள். வண்டி ஓட்டியது நான், அதனால்தான் பதிவு.

1999 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போனோம். அடுத்த திங்கட்கிழமை ஃபாஸ்டர் சிட்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர வேண்டும். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஆறு வருடம் வேலை அனுமதிக்காகக் காத்திருந்து கிடைத்த வேலை. அந்த ஊர் சான் மத்தேயோ பாலத்தைத் தாண்டியவுடன் வருகிறது. காலை நேரத்தில் போய்ச் சேர எங்கள் பக்கத்திலிருந்து ஒழுங்கான பஸ் வசதி கிடையாது. கணவர் ஜெபராஜுக்கு வேலை நேர் எதிர்த் திசையில், ட்ரேசியில். நானே கார் ஓட்டிப் போனால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஃப்ரீவே என்கிற அதிவேக நெடுஞ்சாலை என்றாலே உள்ளங்கை வியர்த்துவிடும். 1996இல் ஆல்டமான்ட் மலைப்பாதையில் ஒரு லாரி திடீரென்று குறுக்கே வர, நான் ஓட்டிய கார் இரண்டு சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருடமும் டேகேர், லைப்ரரி, பால் வாங்கும் கடை என்று ஊருக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருந்தேன்.

இதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் நாகர்கோவில் கிறிஸ்தவர்கள். மாதம் ஒரு தடவை நடக்கும் தமிழ் ஆராதனையில் எழுந்து நின்று, வேலை கிடைத்ததைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பயத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். விசுவாசி பயப்படலாமா? வேதத்தைத் திறந்தால் ஆபிரகாம் முதல் மரியாள் வரை எல்லோரிடமும் ‘பயப்படாதே’ என்றுதான் சொல்லியிருக்கிறது. எனக்கு அந்தச் சொல் எங்கள் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில்தான் கேட்கும், கையில் ஸ்கேலோடு. பயத்தோடு பயப்படுகிற குற்றமும் சேர்ந்துகொண்டது.

வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வசன அட்டைகளில் ஒன்றை எடுத்தால், அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு அது. அந்த வருடம் எனக்கு வந்தது, என் போக்கும் வரத்தும் காக்கப்படும் என்கிற சங்கீதம். ஜெபராஜ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “போக்கும் வரத்தும் சேந்தா என்ன? போக்குவரத்து! டிராஃபிக்குக்குன்னே தனியா வசனம் தந்துருக்காரு. இனி உனக்கு என்ன பயம்?” என்றார். நன்றாகச் சிரித்தேன். ஏப்ரல் வரை ஒரு நாளும் ஃப்ரீவே ஏறவில்லை.

கடைசியில் சனிக்கிழமை ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு காலை 9.10க்குக் கிளம்பினோம். பின்சீட்டில் ஐந்து வயது மகள் ஷாரன். 580ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே, பிறகு 238, பிறகு கொஞ்ச தூரம் 880, அப்புறம் 92. வலது ஓரத் தடத்தைவிட்டு அசையாமல், ஐம்பது மைல் வேகத்தில், என்னை முந்தாத வண்டியே இல்லை என்னும்படி ஓட்டினேன். பக்கத்தில் ஜெபராஜ், தன் பக்கம் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

சுங்கச்சாவடிக்கு முந்தைய எக்ஸிட்டில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அது எப்போது கடந்து போனது என்றே தெரியவில்லை. 9.55க்குச் சாவடி வரிசையில் நின்றோம். எனக்கு முகம் வெளுத்ததைப் பார்த்து ஜெபராஜ், “ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போலாமா?” என்றார். ஜெபம் என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும், அப்படி வளர்த்துவிட்டார்கள். கார் நிற்கிறதே என்று நானும் மூடினேன். எங்கள் வீட்டுக்காரரின் சின்ன ஜெபம், ஊரில் இருக்கிற அவருடைய பெரியப்பாவின் முழங்கால் வலியைத் தொடாமல் முடியாது. அவர் முழங்காலுக்கு வந்தபோது பின்னால் நாலைந்து ஹாரன்கள் ஒன்றாக அலறின.

“டாடி, ஸே ஆமென்! எவ்ரிபடி இஸ் ஹாங்கிங்!” என்றாள் ஷாரன்.

கண்ணைத் திறந்தால் முன்னால் ஆறு கார் நீளத்துக்கு வெற்றிடம். கூண்டில் இருந்த பெண்மணி இரண்டு டாலரை வாங்கிக்கொண்டு, “ஆர் யூ ஓகே, ஹனி?” என்று கேட்டார். ஆமென் என்று பதில் சொன்னேன்.

பாலம் ஏழு மைல். முதல் ஐந்து மைல் தண்ணீரை ஒட்டியே போகும், பிறகு கப்பல் போவதற்காக மேலே எழும்பும். இந்தத் திசையில் அப்போது இரண்டே தடங்கள், ஒதுங்கி நிற்க ஓரமும் கிடையாது. மூன்றாவது மைலில் என் கைகள் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டன. வேகம் நாற்பதுக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர், கண்ணாடியில் ஒரு லாரி. “என்னால முடியாதுங்க” என்றேன்.

அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

“பயப்படாத மக்ளே. அம்மா இங்கதான இருக்கேன்.”

வாயைத் திறந்தால் இங்கிலீஷ் மட்டும் பேசுகிற பிள்ளை. டாக்டர் ஊசியை எடுக்கும்போதெல்லாம், பிள்ளைகளைக் கொஞ்சும் எங்கள் ஊர் ‘மக்ளே’யோடு நான் அவளிடம் சொல்வதை, ‘அம்மா’வைக்கூட மாற்றாமல், அப்படியே எனக்குச் சொன்னாள். ஜெபராஜ் குபீரென்று சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையும் சேர்ந்து வந்தது. விரல்கள் தளர்ந்தன. கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தியது.

அந்த மேட்டில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசிக்குப் பயந்ததற்காக ஷாரனிடம் நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. பயப்படுகிற பிள்ளையிடம்தானே அப்படிச் சொல்வோம்? ஆண்டவர் ஆபிரகாமிடமும் மரியாளிடமும் சொன்னது இந்தக் குரலில்தான் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடமும் ஹெட்மிஸ்ட்ரஸை நடுவில் நிறுத்திவைத்தது நான்தான். ஐம்பத்தைந்தில் ஓட்டினேன், வாய்விட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே.

ஃபாஸ்டர் சிட்டி பலகை வந்தது. “ஒத்திகை முடிஞ்சுல்லா, திரும்பலாமா?” என்று ஜெபராஜ் கேட்டார். கடல் வரை போகலாம் என்றேன். 92 அதற்குப் பிறகு மலையில் வளைந்து வளைந்து, ஏரியைத் தாண்டி, பூச்செடிப் பண்ணைகள் வழியே இறங்குகிறது. 10.50க்குக் கடற்கரை. காற்று எலுமிச்சை சாதத்தில் மணலைத் தூவியது. அப்படியே சாப்பிட்டோம், ருசியாகத்தான் இருந்தது. திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாலத்தை இப்போது அகலப்படுத்திவிட்டார்கள், ஒதுங்க ஓரமும் உண்டு. கூண்டில் ஆள் கிடையாது, சுங்கம் தானாகப் பிடிக்கப்படும், மேற்கே போகும்போது மட்டும். அக்டோபரில் பூசணித் திருவிழாக் கூட்டத்தில் 92 நகராது, ஏப்ரல் உத்தமம். ஏப்ரலிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஜெபத்தை வீட்டு வாசலிலேயே முடித்துவிடுங்கள். முதல் தடவை ஓட்டுகிறவர் பக்கத்தில் பயத்தைத் திட்டாத ஒருவர் இருக்கட்டும்.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். வழி முழுக்க ஸ்டியரிங்கை விரல் மரத்துப்போகும்படி இறுக்கிப் பிடித்திருந்தேன். பாதிப் பாலத்தில் சத்தமாக, “ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு” என்று முதல்முறையாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓட்டினேன். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அலுவலகப் பெண் வேறு தாள் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.