ஞாயிற்றுக்கிழமை இருமல்

சென்னை ஆய்வகத்தில் என் வேலை ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. காசநோய்க் கிருமியின் சுவரில் கொழுப்பு மெழுகுபோலப் படிந்திருக்கும். உள்ளே உருவாகும் அந்தக் கொழுப்பு, இடையிலுள்ள நீர்ப்பகுதியைத் தானாகக் கடக்காது. ஒரு லிப்போபுரதம் அதைத் தன் குழிக்குள் வாங்கி வெளிச்சுவருக்கு நகர்த்த உதவுகிறது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் கிருமி பலவீனமாகிவிடும்.

விடுப்பில் எங்கள் ஊர் நாரணாபுரத்துக்கு வந்தபோது அம்மா இருமிக்கொண்டிருந்தாள். பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் வேலை அவளுக்கு. உடன் வேலை செய்பவர்களைப் போலவே, வீடு வந்ததும் ஒரு வாழைப்பழம் தின்றாள்.

"தூசிதான் தாயி. பழம் தின்னா இறங்கிரும்."

நான் மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன்: சாயங்காலக் காய்ச்சல், தொளதொளத்துப்போன ரவிக்கை, கம்பெனி மூடிய ஞாயிற்றுக்கிழமையும் நிற்காத இருமல். சளிப் பரிசோதனைக்கு அழைத்தேன்.

"சீசன்ல லீவு கேட்டா போர்மேன் சும்மா விடுவாகளா? உனக்கு எப்பப் பாரு அந்தப் பூச்சி நெனப்புதான். அப்படி என்னதான் செய்யுது அது?"

"எண்ணெயத் தண்ணிக்குள்ள கொண்டுபோக அதுக்கு ஒரு தூக்குச்சட்டி இருக்கும்மா."

"அதுவும் சோறு கட்டிக்கிட்டு வேலைக்குப் போகுதாக்கும்!"

சிரிப்பு இருமலில் முடிந்தது. வாயிலிருந்து எடுத்த முந்தானையைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காதபடி மடித்தாள்.

"அங்கன எம்புட்டு நேரமாகும்?" என்றாள்.

காசநோய்தான். மாத்திரைகளுடன் திரும்பியதும் அம்மா தன் பாயைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டாள். நான் முகக்கவசத்துடன் தட்டைக் கொண்டுபோனால், "அங்கனயே வச்சிட்டுப் போ" என்பாள். நான் உள்ளே வந்த பிறகுதான் தட்டு நகரும் சத்தம் கேட்கும். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். நடுவீட்டில் மின்விசிறி யாருக்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

விடுப்பு முடிந்தது. ஆய்வகத்தில் மறுபடியும் அதே புரதம். வாரக்கணக்கில் அவள் இருமலுடனேயே தொலைபேசியில் பேசினாள். மாத்திரையை விடவில்லை, கூடவே பழத்தையும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வீட்டுக் கோழியைப் பற்றி நீளமாகத் திட்டி முடித்துவிட்டு நிறுத்தினாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தேன்.

"ஏத்தா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்தக் கேக்குற? நான்தான் ஒண்ணும் பேசலியே."